எழுது என்றாலே அழுகிற பிள்ளை: கையெழுத்தில் திணறும் குழந்தைக்கு என்ன செய்யலாம்?

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வாயால் கேட்டால் பாடம் முழுவதையும் சொல்கிறான். கதை சொல்ல ஆரம்பித்தால் நிறுத்துவதே இல்லை. நோட்டைத் திறந்தால் மட்டும் ஆளே மாறிவிடுகிறான். எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் அலைகின்றன. பாதிப் பக்கத்தில் கை வலிக்கிறது என்கிறான். கரும்பலகையில் இருப்பதை ஒருநாளும் முழுதாக எழுதிக்கொண்டு வந்ததில்லை. ஆசிரியர், 'அக்கறை போதாது' என்று குறிப்பு அனுப்புகிறார். தினமும் இரண்டு பக்கம் எழுத வைத்தும் முன்னேற்றம் இல்லை. கையெழுத்து வகுப்பில் சேர்க்கலாமா, அல்லது வளர வளரத் தானாகச் சரியாகிவிடுமா?

முதலில் அந்த இரண்டு பக்கத்தை நிறுத்துங்கள். பலன் இல்லை என்பதோடு போகவில்லை, அதில் கெடுதலும் இருக்கிறது. கை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதுதான் பழக்கமாகும். 'ப'வைக் கீழிருந்து மேலே இழுத்துத் தொடங்கும் குழந்தை அதை நூறு முறை எழுதினால், தவறான வழியை நூறு முறை பழகிக்கொள்கிறது. போதாததற்குக் களைப்பு வேறு. அவன் எழுதிய பக்கத்தின் முதல் மூன்று வரிகளையும் கடைசி மூன்று வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வரியில் கை சோர்ந்தது என்று பார்த்தவுடன் தெரியும். அந்த வரிக்குப் பிறகு எழுதியது எல்லாம் பயிற்சிக் கணக்கில் சேராது.

தானாகச் சரியாகுமா என்றால், ஐந்து வயதில் எழுத்து கோணலாக இருப்பது இயல்பு. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். எட்டு வயதிலும் எழுதுவது வேதனையாக இருந்தால், காத்திருப்பதால் பெரும்பாலும் எதுவும் மாறாது. அதற்குள் வகுப்பு ஏறும், எழுத வேண்டிய அளவும் ஏறும். 1992ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தொடக்கப் பள்ளி நேரத்தில் 30 முதல் 60 சதவீதம் வரை கைவிரல்களைக் கொண்டு செய்யும் வேலைகளிலேயே போகிறது என்றும், அதில் பெரும்பங்கு காகிதமும் பென்சிலும்தான் என்றும் கணக்கிட்டது. நாளின் பாதி வரை தனக்கு வராத வேலையைச் செய்துகொண்டே இருக்கும் ஒருவனுக்குப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அக்கறை பற்றிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இதற்கு ஆசிரியர்களும் பெற்றோரும் காட்டும் சான்று எப்போதும் ஒன்றுதான்: "நேற்று ஒரு வரி முத்து முத்தாக எழுதினான். நினைத்தால் முடிகிறதே!" முடிகிறது, உண்மை. ஒரு வரிக்கு முடிகிறது. முழுக் கவனத்தையும் எழுத்தின் வடிவத்தில் குவித்தால், திணறுகிற குழந்தையும் ஒரு வரி நன்றாக எழுதிவிடும். அடுத்த வரியில் என்ன எழுதுவது என்ற யோசனை வந்ததும், அல்லது ஆசிரியர் "சீக்கிரம்" என்றதும், அந்தக் கவனம் பிரிந்துவிடுகிறது, எழுத்து சிதறுகிறது. ஆகவே அந்த ஒரு நல்ல வரி அவனுக்கு எதிரான சாட்சியம் அல்ல. வடிவம் அவனுக்குத் தெரியும், அது இன்னும் கைக்குப் பழகவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. சோம்பல் உள்ள பிள்ளை எழுதாமல் தப்பிக்க வழி பார்க்கும். உங்கள் மகன் மற்றவர்களைவிட அதிகமாக உழைத்து, மற்றவர்களைவிடக் குறைவாக எழுதுகிறான்.

சைக்கிள் பழகும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் விழுந்துவிடுவோம். பழகிய பிறகு பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுவோம். எழுத்தும் அப்படித்தான். 'க' எங்கே தொடங்கும், எந்தப் பக்கம் வளையும் என்று யோசிக்கிற மூளைக்கு, வாக்கியத்தையோ எழுத்துப்பிழையையோ கவனிக்க இடம் மிச்சமிருப்பதில்லை. கதையாக மணிக்கணக்கில் பேசும் பிள்ளை நோட்டில் மூன்று வரியோடு முடித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். அதனால் நம் இலக்கை இப்போதே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. அழகான எழுத்து வேண்டாம். படிக்க முடிகிற, யோசிக்காமல் வருகிற, வலிக்காத எழுத்து போதும். அழகு என்பது விருப்பப்பட்டவர்கள் பிறகு கற்றுக்கொள்ளும் கலை.

இனி, எங்கே சிக்குகிறது என்று பார்க்க வேண்டும். முடித்து வைத்த நோட்டிலிருந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அவன் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், கையை மட்டும் பாருங்கள். பெரிய பாடம் எதுவும் தேவையில்லை. 'கொக்கு மீனைத் தேடிப் பறந்தது' என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். தமிழ் எழுத்தில் குழந்தை சந்திக்கும் தொல்லைகளில் பாதி இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது.

'கொ'வைக் கவனியுங்கள். காதில் முதலில் விழுவது 'க்' ஒலி. கை முதலில் போட வேண்டியதோ கொம்பு. அதன்பின் க, அதன்பின் கால். ஒலியின் வரிசையும் கையின் வரிசையும் ஒன்றல்ல. திணறுகிற குழந்தைகளில் பலர் முதலில் 'க'வை எழுதிவிட்டு, பிறகு நினைவு வந்து, அதற்கு முன்னால் இருக்கும் குறுகலான இடத்தில் கொம்பைச் செருகுவார்கள். முந்தைய சொல்லுக்கும் இதற்கும் இருந்த இடைவெளி அதில் போய்விடும். நோட்டைத் திருத்துகிறவர், 'சொற்களுக்கு இடையில் இடம் விடு' என்று சிவப்பு மையில் எழுதுவார். இடம் விட்டிருந்தான் ஐயா, கொம்பு வந்து அதைத் தின்றுவிட்டது! 'னை'யிலும் 'தே'யிலும் இதே கதை. அடுத்தது புள்ளி. சிலர் ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் உடனே புள்ளி வைப்பார்கள். சிலர் வரி முழுவதும் எழுதிவிட்டுக் கடைசியில் மொத்தமாகத் தூவுவார்கள். இரண்டு புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் விழும், ஒன்று விழாமலேயே போகும். இதைப் பார்த்துவிட்டு இலக்கணம் தெரியவில்லை என்று முடிவுக்கு வருவது தவறு. அது கையின் வரிசைக் கோளாறு.

உகர வரிசை இன்னொரு தலைவலி. ஆ, இ, ஈ வரிசைகளில் பெரும்பாலும் ஒரே குறியை எல்லா எழுத்துகளோடும் சேர்த்துவிடலாம். உகரத்தில் அது நடக்காது. கு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி, பு ஒரு மாதிரி. ஊகாரத்தில் இன்னும் சிக்கல். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கைக்குப் பழக்கியாக வேண்டும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னா போன்றவற்றின் பழைய விசித்திர வடிவங்களை எடுத்துவிட்டு, உகர, ஊகார வரிசைகளை அப்படியே விட்டுவிட்டது. எழுதக் கற்கும் குழந்தையின் பக்கம் நின்று பார்த்தால் அது பாதியில் நின்றுபோன வேலை. அதைப் பற்றிப் பேசினால் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு, விட்டுவிடுகிறேன்.

அதே வரியை எழுதும்போது வேறு சிலவற்றையும் பார்க்கலாம். எழுதாத கை என்ன செய்கிறது? தாளை அழுத்திப் பிடிக்காமல் மடியில் கிடந்தால், தாள் நகரும், வரி கோணும். பல பிள்ளைகளுக்குக் குறையே இதில்தான். கால்கள் தரையில் ஊன்றியிருக்கின்றனவா, அந்தரத்தில் ஆடுகின்றனவா? பெரியவர்களுக்கான மேசை நாற்காலியில் உட்கார்ந்து எழுதும் குழந்தை, தன் உடம்பு சரியாமல் பார்த்துக்கொள்வதிலேயே பாதிச் சக்தியைச் செலவிடுகிறது. பாதம் ஊன்ற ஒரு பலகை அல்லது பழைய பெட்டி, முழங்கையை மடித்தால் அதற்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் மேலே வரும் மேசை, இவை போதும். இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். சரிசெய்வதும் மிகச் சுலபம். மணிக்கட்டு உள்பக்கமாக மடிந்து கிடந்தால், கெட்டியான பெரிய ஃபைல் ஒன்றைச் சரிவாக வைத்து அதன்மேல் எழுதச் சொல்லுங்கள். இருபது பாகைச் சரிவு போதும். சுவரில் தாளை ஒட்டிப் படம் வரைவதும் கரும்பலகையில் எழுதுவதும் மணிக்கட்டை இயல்பாகவே பின்பக்கம் சாய வைக்கும்.

பென்சில் பிடிப்பைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலையில் பெரும்பகுதி வீண் என்பது என் கருத்து. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க, நடுவிரல் தாங்குவது பாடநூல் காட்டும் பிடி. நான்கு விரல்களால் பிடிப்பதும், இந்த இரண்டு பிடிகளிலும் கட்டைவிரல் பென்சிலைத் தாண்டிக் குறுக்கே படிவதும்கூட முதிர்ந்த பிடிகள்தான். நான்காம் வகுப்புக் குழந்தைகளிடம் இந்த நான்கு வகைப் பிடிகளையும் ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வில், வேகத்திலோ தெளிவிலோ வேறுபாடு தெரியவில்லை. ஆகவே வலி இல்லை, எழுத்து புரிகிறது என்றால் எட்டு வயதுப் பிள்ளையின் விரல்களைப் பிடித்து மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். மாற்ற வேண்டியது முஷ்டியாகப் பிடித்து முழுக் கையையும் அசைப்பவர்களுக்கும், விரல் நுனி மூட்டு பின்பக்கம் வளைந்து வலிப்பவர்களுக்கும்தான். அவர்களுக்கு முக்கோணப் பென்சிலோ, மாட்டிக்கொள்ளும் ரப்பர் பிடியோ உதவலாம். நான்கு வயதுக் குழந்தைக்கு அதைவிட நல்ல வழி, தேய்ந்து போன குட்டிப் பென்சிலும் உடைந்த கிரேயான் துண்டும். அவ்வளவு சிறியதை முஷ்டியில் பிடிக்க முடியாது. விரல்கள் தாமாகவே சரியான இடத்துக்கு வந்துவிடும்.

பிடியைவிட அழுத்தம் முக்கியம். தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். எழுத்துகள் புடைத்துக்கொண்டு கைக்குத் தட்டுப்பட்டால், கை வலிக்கான காரணம் கிடைத்துவிட்டது. விரல்கள் எங்கே இருக்கின்றன, எவ்வளவு பலம் போடுகின்றன என்ற உணர்வு மங்கலாக இருக்கும் குழந்தைகள், அழுத்தினால்தான் பென்சில் கையில் இருப்பதையே உணர்கிறார்கள். 'அழுத்தாதே' என்று சொல்வதால் எந்தப் பயனும் இல்லை. கார்பன் தாளை எடுத்து வாருங்கள். மூன்று தாள்களுக்கு இடையில் இரண்டு கார்பன் வைத்து, "இரண்டாவது தாளில் எழுத்து விழ வேண்டும், மூன்றாவதில் விழக் கூடாது" என்று பந்தயம் கட்டுங்கள். எழுதி முடித்துத் தாளைத் தூக்கிப் பார்க்கும்போது எவ்வளவு பலம் போட்டோம் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்த முறை கை தானாகவே தளர்கிறது. மிக லேசாக எழுதி, கோடே தெரியாமல் போகிற பிள்ளைக்கு விதியைத் திருப்பிப் போடுங்கள்: மூன்றாவது தாளிலும் விழ வேண்டும். அவர்களுக்குக் கருமை கூடிய 2பி பென்சில் கொடுப்பது நல்லது.

இப்போது பயிற்சிக்கு வரலாம். இணையத்தில் தேடினால் களிமண் பிசைவது, மணி கோப்பது, பந்தை அழுத்துவது என்று நீளமான பட்டியல் கிடைக்கும். இவையெல்லாம் நல்ல விளையாட்டுகள். எழுத ஆரம்பிக்காத குழந்தைக்கு மிகவும் தேவையானவை. எட்டு வயதில் எழுத்துக்குப் பதிலாக இவற்றைச் செய்தால் கையெழுத்து மாறாது. கையெழுத்துக்கான சிகிச்சைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் கனடாவின் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) ஆய்விதழில் வெளியான கட்டுரை இதைத் தெளிவாகச் சொல்கிறது: எழுதும் பயிற்சியைச் சேர்க்காத முறைகள் பலன் தரவில்லை, 20 அமர்வுகளுக்குக் குறைவாக நடந்த பயிற்சிகளும் பலன் தரவில்லை. எழுதித்தான் எழுதப் பழக முடியும். அதைச் சரியாக, கொஞ்சமாக, விடாமல் செய்ய வேண்டும். வாரத்தில் நான்கைந்து நாள், நாளுக்குப் பத்து நிமிடம். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம், அவனே கேட்டாலும்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வர்ஜீனியா பெர்னிங்கர் குழு, எழுதத் திணறும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பல முறைகளில் சொல்லிக்கொடுத்து ஒப்பிட்டு, 1997இல் முடிவை வெளியிட்டது. முந்தி நின்றது மிக எளிமையான முறை. எழுத்தின்மேல் 1, 2, 3 என எண்ணிட்ட அம்புக்குறிகள் இருக்கும். குழந்தை அதை நன்றாகப் பார்க்கும். பிறகு அதை மூடிவிடுவார்கள். குழந்தை நினைவிலிருந்து எழுதும். பார்த்துப் பார்த்து எழுதுவதைவிட இது பலன் தந்ததற்கான காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமல்ல. பார்த்து எழுதும்போது கண்தான் வேலை செய்கிறது. மூடிவிட்டால் வடிவத்தை உள்ளே இருந்து எடுத்தாக வேண்டும். உண்மையில் எழுதும்போது நடப்பதும் அதுதானே.

வீட்டில் இப்படிச் செய்யலாம். ஒரு நாளைக்கு ஓர் எழுத்து. அதை நீங்கள் பெரிதாக எழுதிக் காட்டுங்கள், எழுதும்போதே வாயால் சொல்லுங்கள்: "மேலே தொடங்கு, நேராகக் கீழே, வலப்பக்கம் போ, மேலே ஏறு. ப." அம்புக்குறி போடுங்கள். அவன் விரலால் ஒருமுறை அதன்மேல் ஓட்டட்டும். மூடிவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணச் சொல்லுங்கள். பிறகு எழுதட்டும். மூன்று அல்லது நான்கு முறை போதும். திறந்து பார்த்து, தான் எழுதியதில் எது மிகவும் நன்றாக இருக்கிறது என்று அவனே வட்டம் போடட்டும். நீங்கள் சுட்டிக்காட்டாதீர்கள். கடைசியில் அந்த எழுத்து வரும் சொற்கள் இரண்டும் ஒரு சிறு வாக்கியமும் எழுதி முடித்துவிட வேண்டும். தனி எழுத்தாக அழகாக வந்து சொல்லுக்குள் போனதும் உடைவதுதான் வழக்கம் என்பதால் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள். அழிரப்பரை மேசையிலிருந்து எடுத்துவிடுவதும் நல்லது. தவறை ஒரு கோட்டால் அடித்துவிட்டு மேலே போகலாம். அழித்து அழித்துத் தாளைக் கிழிக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய விடுதலை.

புள்ளிக்கோட்டின் மேல் எழுதும் நோட்டுகளை நான் அதிகம் பரிந்துரைப்பதில்லை. குழந்தை அடுத்த புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டு போகிறது. எழுத்தின் முழு வடிவமும் மனதில் உருவாவதில்லை. இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரின் ஜேம்ஸ் குழு, இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வு இங்கே பொருந்தும். எழுத்துகளைத் தாமாகக் கையால் எழுதிப் பழகிய பிறகுதான், அவற்றைப் பார்க்கும்போது வாசிப்புக்குரிய மூளைப் பகுதிகள் இயங்கின. ஏற்கெனவே உள்ள எழுத்தின்மேல் கோடிழுத்ததாலோ தட்டச்சு செய்ததாலோ அப்படி நடக்கவில்லை. கோணலாக எழுதினாலும் தானாக எழுதுவதில் ஏதோ இருக்கிறது.

எழுத்துகளை அகர வரிசையில் எடுக்க வேண்டியதில்லை. அது ஒப்பிக்க உதவும் வரிசை, கைக்கு உரிய வரிசை வேறு. ட எழுதத் தெரிந்தால் அதை மேலே ஏற்றினால் ப. வலப்பக்கம் ஏறிய கோட்டை உள்பக்கமாக வளைத்து இறக்கினால் ம. ய, ழ இந்தக் குடும்பத்தோடு சேரும். க, ச, த ஒரு கூட்டம். கையின் ஓட்டம் கிட்டத்தட்ட ஒன்று, முடிவுதான் மாறும். சுழியில் தொடங்கும் ல, வ, ன, ண போன்றவற்றைத் தனியாக எடுங்கள். ன, ண இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்தால் சுழியின் எண்ணிக்கை குழம்பும். ஒன்று நன்றாகப் பழகட்டும், பிறகு மற்றது. 'அ'வையும் 'இ'யையும் கடைசியில் வைத்தாலும் தப்பில்லை, அவை எளிய எழுத்துகளே அல்ல. மூன்று வயதுக் குழந்தைக்கு 'அ'வை முதல் எழுத்தாகத் திணிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். குழந்தைகள் வட்டத்தைப் பார்த்து வரைவது மூன்று வயதளவில், கூட்டல் குறி நான்கில், சதுரம் நான்கரையில், பெருக்கல் குறிபோன்ற சாய்ந்த குறுக்குக்கோடு ஐந்தில், முக்கோணம் அதற்கும் பிறகு. சாய்கோடுகள் குறுக்கே வெட்டும் வடிவம் கைக்கு வராதவரை எழுத்துகளைத் திணிப்பதில் பயன் இல்லை.

இடக்கைக்காரக் குழந்தைகளைப் பற்றித் தனியாகக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்; பத்தில் ஒருவர் அப்படி. கையை மாற்ற முயலாதீர்கள், அந்தக் காலம் போய்விட்டது. தாளை வலப்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். அதாவது தாளின் இடது மேல்முனை உயரமாக இருக்க வேண்டும். பென்சிலை நுனியிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் எழுதியது கண்ணில் படும், கையில் மை ஒட்டாது. பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. இவ்வளவையும் யாரும் சொல்லித் தராததால்தான் பலர் மணிக்கட்டைக் கொக்கிபோல் வளைத்து எழுதப் பழகிக்கொள்கிறார்கள்.

கரும்பலகையைப் பார்த்து எழுத முடியாததற்குக் கையோடு தொடர்பே இல்லாமல் இருக்கலாம். முதலில் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பார்வை சரியாக இருந்தால், ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எத்தனை எழுத்து எழுதுகிறான் என்று எண்ணுங்கள். மற்றவர்கள் இரண்டு மூன்று சொற்களை ஒரே பார்வையில் எடுத்துக்கொண்டு குனிவார்கள். இவன் ஒவ்வோர் எழுத்துக்கும் நிமிர்ந்தால், ஒவ்வொரு முறையும் பலகையில் விட்ட இடத்தையும் நோட்டில் விட்ட இடத்தையும் தேட வேண்டியிருக்கிறது. நேரம் அங்கேதான் போகிறது. அப்படிப்பட்ட குழந்தைக்கு வாசிப்பிலும் சிரமம் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனால் சொல்லை ஒரே விழுங்கில் எடுக்க முடியாது.

பள்ளியில் என்ன கேட்கலாம்? பலகையில் உள்ளதை அச்சிட்டுத் தருவது, அல்லது பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுத அனுமதிப்பது. பாடத்துக்கான மதிப்பெண்ணையும் எழுத்தின் தெளிவையும் தனித்தனியாகப் பார்ப்பது. பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து. தேர்வில் கூடுதல் நேரம், தேவைப்பட்டால் வாய்மொழித் தேர்வு. இவை சலுகைகள் அல்ல. கணக்கைச் சோதிக்கும் தேர்வு கணக்கைத்தான் சோதிக்க வேண்டும். எழுதுவதைத் தண்டனையாகக் கொடுக்கும் வழக்கம் மட்டும் ஒரு நாள்கூடத் தொடரக் கூடாது என்று ஆசிரியரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். "பேசினாயா, ஐம்பது முறை எழுது" என்பது எந்தக் குழந்தைக்கும் எழுத்தின்மேல் வெறுப்பைத்தான் வளர்க்கும்; எழுதத் திணறும் குழந்தைக்கு அது கொடுமை. சண்டை போடும் தொனியில் இல்லாமல், அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிய ஒரு கதையையும் அவனே எழுதிய மூன்று வரிகளையும் எடுத்துக்கொண்டு போய் ஆசிரியர் முன் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்த பிறகு அக்கறையின்மை என்று சொல்பவர்கள் குறைவு.

அந்தக் கதை விஷயத்தை வீட்டிலும் தொடரலாம். யோசிப்பதையும் எழுதுவதையும் கொஞ்ச காலம் பிரித்து வையுங்கள். அவன் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். கடைசி வாக்கியத்தை மட்டும் அவன் கையால் எழுதட்டும். இன்னும் இரண்டொரு ஆண்டில் தட்டச்சும் முறையாகக் கற்றுக்கொடுங்கள். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுவது கையெழுத்தைவிட மெதுவானது, ஆகவே அதற்கும் பழக்கம் வேண்டும். தட்டச்சு வந்தால் கையெழுத்து கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். இவன் வளர்ந்து செய்யப்போகும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு விசைப்பலகைதான் கருவி. கையெழுத்து குறிப்பெடுக்கவும் படிவம் நிரப்பவும் போதுமான அளவு இருந்தால் சரி.

நிபுணரிடம் எப்போது போவது? மேலே சொன்னபடி மூன்று, நான்கு மாதம் ஒழுங்காகச் செய்தும் அசைவே இல்லை என்றால் போக வேண்டும். பொத்தான் போடுவது, ஷூ நாடா கட்டுவது, பந்து பிடிப்பது, கத்தரிக்கோல் பயன்படுத்துவது எல்லாவற்றிலும் தடுமாற்றம் என்றால் காத்திருக்கவே வேண்டாம். அது உடல் ஒருங்கிணைப்பு சார்ந்த வளர்ச்சிக் குறைபாடாக இருக்கலாம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின்படி 5 முதல் 11 வயதுவரையான குழந்தைகளில் 5 முதல் 6 சதவீதம் பேருக்கு அது உண்டு. கை வேலைகளெல்லாம் நன்றாக வந்து, எழுத்து மட்டும் வராமல், எழுத்துப்பிழையும் ஓயாமல் இருந்தால் டிஸ்கிராஃபியா எனப்படும் எழுதுதல் சார்ந்த கற்றல் குறைபாட்டைச் சோதிக்க வேண்டும். கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்திருந்தால் அதையும் பார்ப்பார்கள். கைக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், படிப்புக்குச் சிறப்புக் கல்வியாளர், கற்றல் குறைபாட்டை உறுதிசெய்ய உளவியல் நிபுணர் என்று பொதுவாக வேலை பிரிந்திருக்கும். பெயர் சூட்டிவிடுவார்களே என்று தயங்குகிற பெற்றோர்கள் உண்டு. பெயர் ஏற்கெனவே சூட்டியாகிவிட்டது, 'அக்கறையில்லாதவன்' என்று; அதைவிட எந்த மருத்துவப் பெயரும் மேல். ஒன்றை மட்டும் வேறு மாதிரி அணுக வேண்டும்: முன்பு நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் எழுத்து திடீரென்று மோசமானாலோ, கை நடுங்கினாலோ, பயிற்சி எதையும் தொடங்காமல் நேராகக் குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கடைசியாக, கையெழுத்து வகுப்பு. பெரும்பாலானவை அழகெழுத்து வகுப்புகள். ஏற்கெனவே சரளமாக எழுதுகிற பிள்ளையின் எழுத்தைச் சீராக்க அவை உதவும். எழுதவே திணறுகிறவனை அங்கே அனுப்பினால் இன்னும் பக்கம் பக்கமாக எழுத வேண்டிவரும். 'இருபது நாளில் முத்துமுத்தான எழுத்து' என்று உறுதியளிக்கும் இடத்தை அப்படியே தாண்டிப் போய்விடுங்கள். சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு வகுப்பு முழுவதும் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் எழுதும்போது ஆசிரியர் அவர்கள் கையைப் பார்க்கிறார், எங்கே தொடங்குகிறார்கள் என்று கவனிக்கிறார், தவறாகத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திக் காட்டித் தருகிறார் என்றால் சேர்க்கலாம். எழுதி முடித்த நோட்டுகளை வாங்கி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தால் வேண்டாம்.